லாரியில் அடிபட்டவர் இழப்பீடு கேட்க எந்த வழியில் போகலாம்?

லாரி மோதிக் கால் உடைந்து ஆஸ்பத்திரியில் கிடக்கும் ஒருவருக்கு இழப்பீடு வாங்க நம் நாட்டுச் சட்டத்தில் நாலைந்து வழிகள் இருக்கின்றன. சிக்கலே அதில்தான், ஏனென்றால் ஒன்றில் கையெழுத்துப் போட்டால் இன்னொன்று அடைபட்டுப்போகும், எது எதை அடைக்கும் என்று வார்டுக்கு வந்து யாரும் சொல்ல மாட்டார்கள். "எவ்வளவு கிடைக்கும்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். இதை வாங்கினால் எதை விட வேண்டியிருக்கும் என்று முதலில் கேளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988இல் வந்தது, 2019இல் திருத்தினார்கள், இழப்பீடு பற்றிய திருத்தங்கள் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. அதனால் பத்து வருடத்துக்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரர் என்ன வாங்கினார் என்பதை வைத்து இப்போது முடிவெடுக்க வேண்டாம்.

முதலில் வந்து நிற்பது சட்டத்திலேயே இல்லாத வழி. விபத்து நடந்து ஓரிரு நாளில் லாரி ஓனரின் ஆள் ஒருவர் பழப் பையோடு வருவார், கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவார், "கேஸ் கீஸ்னு போனா வருஷக்கணக்கா இழுக்கும்ண்ணே, டிரைவரும் பிள்ளைகுட்டிக்காரன், ஆஸ்பத்திரி செலவை நாங்களே பார்த்துக்கிறோம், இதுல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுருங்க" என்பார். லாரிக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஒழுங்காக இருந்தால் அடிபட்டவருக்குச் சேர வேண்டிய பணம் இன்சூரன்ஸ் கம்பெனி தலையில்தான் விழும், உடல் காயத்துக்கு அந்தக் காப்பீட்டில் உச்சவரம்பும் கிடையாது. அப்புறம் ஏன் அவர் சொந்தக் காசை எடுத்துக்கொண்டு ஓடி வருகிறார்? காப்பீடு காலாவதியாகியிருக்கலாம், எஃப்.சி. எனும் வண்டித் தகுதிச் சான்று இல்லாமலிருக்கலாம், டிரைவரிடம் உரிய லைசென்ஸ் இல்லாமலிருக்கலாம், அல்லது வண்டி ஸ்டேஷன் வாசலில் நின்றால் வாடகை போகுமே என்ற கவலையாகவும் இருக்கலாம். வண்டி நம்பரை எம்பரிவாகன் செயலியில் போட்டால் காப்பீடு எந்தத் தேதி வரை என்று அங்கேயே தெரிந்துவிடும். சிராய்ப்போடு தப்பித்தவர் செலவுக்குப் பணம் வாங்கிக்கொண்டு போவதில் தப்பில்லை, அதற்காக கோர்ட்டுக்கு அலைவதுதான் வீண். எலும்பு முறிந்திருந்தால் மட்டும் அந்தத் தாளைத் தொடாதீர்கள். எஃப்.ஐ.ஆர். இல்லாத விபத்தை இன்சூரன்ஸ் கம்பெனி விபத்தாகவே மதிக்காது, நாலு மாதம் கழித்து உடைந்த எலும்பு சேரவில்லை, இன்னொரு ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லும்போது பழப் பை கொண்டுவந்தவர் போனையே எடுக்க மாட்டார்.

இன்னொரு தாளும் இருக்கிறது, அதை யாரும் கவனிப்பதில்லை. ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்களே, ஏ.ஆர். காப்பி என்பார்கள், அதில் "எப்படி அடிபட்டது" என்ற இடத்தில் கூட வந்தவர் பதற்றத்தில் "வண்டியிலிருந்து விழுந்துட்டார்" என்று சொன்னால் அப்படியே தானாக விழுந்ததாகப் பதிவாகிவிடும். லாரி உரசித்தான் விழுந்தார் என்று பின்னால் எத்தனை சாட்சி சொன்னாலும், இன்சூரன்ஸ் வக்கீல் குறுக்கு விசாரணையில் முதலில் எடுப்பது அந்த ஒரு வரியைத்தான். லாரி மோதியது என்றும், தெரிந்தால் நம்பரையும் அங்கேயே சொல்லி எழுத வையுங்கள்.

சிகிச்சைக்கு அரசு கொடுக்கும் உதவி தனி, அதை வாங்குவதால் எந்த இழப்பீட்டு வழியும் அடைபடாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கிடைக்கும். 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த திட்டத்தில் விபத்து நடந்த நாளிலிருந்து ஏழு நாட்கள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை, திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். இவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், யோசிக்க ஒன்றுமில்லை.

யோசிக்க வேண்டியது மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆவது பிரிவா, 166ஆவது பிரிவா என்பதைத்தான். 164இல் யார் மீது தப்பு என்று நிரூபிக்கவே வேண்டாம். பலத்த காயம் என்றால் இரண்டரை லட்சம், உயிர் போனால் ஐந்து லட்சம், அவ்வளவுதான், மாதம் 8,000 சம்பாதிப்பவரானாலும் 80,000 சம்பாதிப்பவரானாலும் அதே தொகை. 166இல் லாரி டிரைவரின் அஜாக்கிரதையைக் காட்ட வேண்டும், கிரிமினல் வழக்கு அளவுக்குச் சந்தேகமில்லாமல் காட்ட வேண்டியதில்லை, நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்ற அளவுக்குக் காட்டினால் போதும். தொகைக்கு உச்சவரம்பு இல்லை.

கேட்டால் 166தான் சிறந்தது என்று தோன்றும், ஆனால் எல்லோருக்கும் அப்படியில்லை. சட்டத்தின் பார்வையில் எலும்பு முறிந்தாலே பலத்த காயம்தான், பல் உடைந்தாலும்கூட. கைவிரலில் சின்ன முறிவு, ஒன்றரை மாதத்தில் கட்டுப் பிரித்து வேலைக்குப் போய்விட்டார், நிரந்தர ஊனம் எதுவும் இல்லை என்று வையுங்கள். 166இல் அவருக்கு மருத்துவச் செலவு, ஒன்றரை மாதச் சம்பளம், வலிக்கு ஒரு தொகை என்று கூட்டினால் இரண்டரை லட்சத்தை எட்டுவதே சந்தேகம். அவர் 164இல் போவதுதான் புத்திசாலித்தனம். தப்பு தன் பக்கமும் கொஞ்சம் இருக்கிறது, சாட்சி இல்லை, கேமராவும் இல்லை என்பவர்களுக்கும் இதுவே பொருந்தும்.

நிரந்தர ஊனம் என்றால் கணக்கே மாறிவிடும். 35 வயது, மாதம் 20,000 வருமானம், சொந்தத் தொழில், காலில் ஊனத்தால் சம்பாதிக்கும் திறனில் 40 சதவீதம் போய்விட்டது என்று எடுத்துக்கொள்வோம். 40 வயதுக்குக் கீழே இருக்கும் சொந்தத் தொழில்காரருக்கு எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் கூட்ட வேண்டும் என்று 2017இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொன்னது, ஆக மாதம் 28,000, வருடத்துக்கு 3,36,000. வருட வருமானத்தை எத்தனையால் பெருக்குவது என்று 2009இல் அதே நீதிமன்றம் வயதுவாரியாகக் கொடுத்த அட்டவணையில் 31 முதல் 35 வயது வரை 16. பெருக்கி அதில் 40 சதவீதம் எடுத்தால் 21,50,400 ரூபாய். இது வருமான இழப்பு மட்டும்தான். மருத்துவச் செலவு, இனி ஆகப்போகும் ஆபரேஷன் செலவு, படுத்திருந்த மாதங்களின் சம்பளம், போக்குவரத்து, சத்துணவு, துணைக்கு இருந்தவருக்கு, வலிக்கு, வாழ்க்கையில் இழந்த சந்தோஷங்களுக்கு என்று மற்றவை தனித்தனியாக வரும், அதன் மேல் மனுப் போட்ட நாளிலிருந்து வட்டி. இவர் இரண்டரை லட்சத்துக்கு 164இல் ஒத்துக்கொண்டு பணத்தை ஏற்றுக்கொண்டால் 166 மனு அத்தோடு காலாவதி, சட்டத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது.

அந்த 40 சதவீதம் எங்கிருந்து வந்தது என்பதில்தான் பாதி வழக்கு இருக்கிறது. அரசு மருத்துவமனையில் மருத்துவக் குழு முன்னால் போய் நிற்பீர்கள், முழங்காலை மடக்கச் சொல்லி எத்தனை டிகிரி மடங்குகிறது என்று அளப்பார்கள், எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள், ஒரு சதவீதம் எழுதிக் கொடுப்பார்கள். அது உடம்பின் சதவீதம், பிழைப்பின் சதவீதம் இல்லை. இடது கை போன டிரைவருக்கோ தச்சருக்கோ ஏறக்குறைய முழு வருமானமும் போய்விடும், அதே கை போன அரசு அலுவலக எழுத்தருக்கு வேலையே போகாமல் இருக்கலாம் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்ன உதாரணத்தை வக்கீல்கள் இன்றும் எடுத்துப் பேசுகிறார்கள். எனவே மூட்டை தூக்குபவர், கொத்தனார், டெலிவரி ஓட்டுபவர் எல்லாம் தங்கள் வேலை என்ன, அதில் இனி எதைச் செய்ய முடியாது என்பதைச் சாட்சியோடு பதிவு செய்தே ஆக வேண்டும், வெறும் சான்றிதழை மட்டும் கொடுத்தால் அதிலிருக்கும் சின்னச் சதவீதத்தோடு முடிந்துவிடும்.

காலம்தான் 166இன் பெரிய விலை. 2007இல் டிராக்டரில் போய்க்கொண்டிருந்த ஒரு 12 வயதுச் சிறுமி லாரி மோதி மூளை பாதிக்கப்பட்டுப் படுக்கையில் விழுந்தாள், உயர் நீதிமன்றம் சுமார் 25 லட்சம் கொடுத்ததை 2020இல் உச்ச நீதிமன்றம் 62 லட்சத்துக்கு மேல் உயர்த்தியது, வாழ்நாள் முழுக்க அவளைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கும் செலவைப் பெருக்கல் முறையில் சரியாகக் கணக்கிட்டது அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆனால் இடையில் 12 வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. எல்லா வழக்கும் அவ்வளவு இழுக்காது, இருந்தாலும் சில வருடம் என்பதை மனதில் வைத்துத்தான் இறங்க வேண்டும். கடன் வாங்கி ஆபரேஷன் செய்தவருக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது அடுத்த மாதம் வரும் எட்டு லட்சமா, நாலு வருடம் கழித்து வரும் பதினைந்து லட்சமா என்பது லேசான கேள்வி இல்லை.

அந்த நிலையில் இருப்பவர்களுக்கு நடுவில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, 149ஆவது பிரிவு: விபத்துத் தகவல் வந்ததும் இன்சூரன்ஸ் கம்பெனி ஒரு அதிகாரியை நியமித்து 30 நாளில் ஒரு தொகையை, விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் சொல்ல வேண்டும், நீங்கள் சம்மதித்தால் பதிவு செய்வார்கள், அதிலிருந்து 30 நாளுக்குள் பணம் வந்தாக வேண்டும், சம்மதிக்காவிட்டால் வழக்கு விசாரணைக்குப் போகும், உங்களுக்கு நஷ்டமில்லை. இன்னொன்று லோக் அதாலத், அதாவது மக்கள் நீதிமன்றம். அங்கே எம்.சி.ஓ.பி. எனும் மோட்டார் விபத்து இழப்பீட்டு வழக்குகளை மூட்டை மூட்டையாக எடுத்துப் பேசி முடிப்பார்கள். நல்ல வழிதான், ஆனால் அங்கே முடிந்ததற்கு மேல்முறையீடு கிடையாது. தீர்ப்பாயத்தில் குறைவாகக் கொடுத்தால் 90 நாளில் உயர் நீதிமன்றம் போகலாம், லோக் அதாலத்தில் கையெழுத்துப் போட்டால் அதுதான் கடைசி.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், என் கணக்கு இது: சிகிச்சை முழுசாக முடிவதற்கு முன் எந்தச் சமரசத்துக்கும் போகக் கூடாது. 149 சீக்கிரம் வருகிறது, அதன் பலவீனமும் அதுதான், முதல் மாதத்தில் உங்கள் கால் நேராகச் சேருமா என்று டாக்டருக்கே தெரியாது. லோக் அதாலத்துக்குப் போவதற்குள் பெரும்பாலும் ஊனச் சான்று கையில் இருக்கும், அதனால் பேரம் பேச ஒரு பிடிமானம் இருக்கிறது. மேலே போட்ட மாதிரி கணக்கை ஒரு காகிதத்தில் போட்டுக்கொண்டு போங்கள், முழுத்தொகையில் கால்வாசி குறைத்து இன்றே தருகிறேன் என்றால் யோசிக்கலாம், பாதிக்கும் கீழே என்றால் எழுந்து வந்துவிடலாம். இந்த விகிதம் என் அபிப்பிராயம்தான், சட்டம் இல்லை.

166 மனுவுக்கு விபத்து நடந்து ஆறு மாதம் என்று கெடு வைத்திருக்கிறார்கள். அது செல்லுமா என்பதே உச்ச நீதிமன்றத்தில் வழக்காகப் போய், கெடு தாண்டியது என்பதற்காக மனுக்களைத் தள்ளுபடி செய்ய வேண்டாம் என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு வந்தது. அதை நம்பி உட்காராமல் ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். போலீஸ் முதல் விபத்து அறிக்கையை 48 மணி நேரத்திலும், விரிவான அறிக்கையை 90 நாளிலும் தர வேண்டும் என்பது விதி, ஸ்டேஷனில் கேட்டுக்கொண்டே இருந்தால்தான் நகரும்.

தப்பு யாருடையது என்பதில் லாரி விபத்துகளுக்கே உரிய ஒரு தகராறு உண்டு. ராத்திரியில் பார்க்கிங் விளக்கு, பிரதிபலிப்பான் எதுவும் இல்லாமல் ரோட்டில் நிற்கும் லாரியின் பின்னால் போய் மோதியவர்களை, "பார்த்து ஓட்டியிருக்க வேண்டும்" என்று சொல்லிப் பாதித் தொகையைக் கழிக்கப் பார்ப்பார்கள். நடு ரோட்டில் விளக்கில்லாமல் நின்ற டேங்கர் லாரி வழக்கில், மோதியவர் பக்கம் தப்பில்லை என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, அதனால் முதல் வார்த்தையிலேயே பாதிக்கு ஒத்துக்கொள்ள வேண்டாம். பஸ்ஸும் லாரியும் மோதி நடுவில் நீங்கள் அடிபட்டிருந்தால் இன்னும் சுலபம்: இரண்டு பக்கமும் தப்பு இருந்தால் முழுத்தொகையையும் இருவரில் யாரிடமிருந்தும் கேட்கலாம், அவர்களுக்குள் பங்கு பிரிப்பது அவர்கள் பாடு.

லாரியிலேயே வேலை பார்த்த டிரைவர், கிளீனர் அடிபட்டால் கதை வேறு. இவர்களுக்குத் தொழிலாளர் இழப்பீடு என்ற வழி இருக்கிறது. 1923இல் வந்த சட்டம், 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது, வேலையில் இருக்கும்போது அடிபட்டால் போதும், யார் தப்பு என்ற கேள்வி இல்லை. நல்ல வழி, ஆனால் கணக்கு சுருங்கும். 2020 ஜனவரியில் அறிவித்த வரம்புப்படி மாதச் சம்பளம் 15,000க்கு மேல் எடுக்க மாட்டார்கள், அதில் 60 சதவீதத்தை வயதுக்கான எண்ணால் பெருக்குவார்கள், 35 வயதுக்கு அது 197.06. முழு ஊனத்துக்கு 17,73,540, நாம் எடுத்த அதே 40 சதவீதத்துக்கு 7,09,416. 166இல் அதே ஆளுக்கு 21 லட்சத்துக்கு மேல் வந்தது நினைவிருக்கும். எதிரே வந்த வண்டியின் தப்பு என்றால் கிளீனர் 166இல் போவது லாபம். லாரியே தானாகக் கவிழ்ந்தது, ஓட்டியது அவரேதான் என்றால் தொழிலாளர் இழப்பீட்டை விட்டால் டிரைவருக்கு வேறு வழி ஏறக்குறைய இல்லை. இரண்டிலும் கேட்க முடியாது, 167ஆவது பிரிவு ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. தானே ஓனர், தானே டிரைவர் என்று ஓட்டுபவருக்கு பாலிசியில் உள்ள 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், பிரீமியம் மிச்சம் பிடிக்கிறேன் என்று அதை விட்டவர்கள் நிறையப் பேர்.

சரக்கு லாரியில் லிஃப்ட் கேட்டு ஏறியவர் நிலைமை எல்லாரையும் விட மோசம். சரக்கின் சொந்தக்காரரோ அவர் அனுப்பிய ஆளோ என்றால் காப்பீடு உண்டு, சும்மா ஏறியவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் இருபது வருடத்துக்கு முன்பே சொல்லிவிட்டது. கேட்டால் ஓனரிடம்தான் கேட்க வேண்டும். கல்யாணத்துக்கு மினி லாரியில் ஊரே ஏறிப் போகும்போது இதை யாரும் நினைப்பதில்லை. லைசென்ஸ் விஷயத்தில் மட்டும் ஒரு நல்ல செய்தி: இலகுரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்துவிட்டது, அதைக் காட்டித் தட்டிக்கழிப்பது இனி நடக்காது.

இடித்துவிட்டு நிற்காமல் போன லாரி, நம்பரும் தெரியாது என்றால் 161ஆவது பிரிவு. பலத்த காயத்துக்கு 50,000, உயிரிழப்புக்கு 2 லட்சம், வருவாய்த் துறையில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். தொகை சொற்பம், அதனால் அந்தப் பக்கம் போவதற்கு முன் சுங்கச்சாவடி, பெட்ரோல் பங்க் கேமராக்களைப் போலீஸ் பார்த்தார்களா என்று அலைந்து கேளுங்கள், பதிவுகள் சில நாளில் அழிந்துவிடும். பின்னால் லாரி பிடிபட்டு வேறு பிரிவில் இழப்பீடு வாங்கினால் இந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

மோதியது நாகாலாந்து பதிவெண் லாரியானாலும் நீங்கள் அங்கே போக வேண்டாம், நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே மனுப் போடலாம். லாரி மூன்று கை மாறியிருந்தால் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி ஓனர், "வித்துட்டேன்" என்ற பேச்சு எடுபடாது. வக்கீலை வார்டுக்கு வரும் புரோக்கர் மூலம் பிடிக்காதீர்கள். வாங்கும் தொகையில் இத்தனை சதவீதம் என்று ஃபீஸ் பேசுவது பார் கவுன்சில் விதிப்படியே தப்பு, ஆனாலும் பேசுகிறார்கள், வசதி இல்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்டால் இலவசமாகவே வக்கீல் வைத்துத் தருவார்கள். பணம் வரும்போது உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கே வரட்டும், வெற்றுத் தாளிலோ நிரப்பாத செக்கிலோ கையெழுத்துக் கேட்டால் அன்றே வேறு வக்கீலைப் பாருங்கள்.